பழைய கம்ப்யூட்டருக்கு புது வேகம்!

பொத்தானை அழுத்திவிட்டு, காபி போட்டு குடித்துவிட்டு வந்தாலும், சில வீடுகளில் கம்ப்யூட்டர் தயாராகி இருக்காது.

"இது கிழடாகிவிட்டது. புதிது வாங்க வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு எழும்.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி, உள்ளே சுற்றிக்கொண்டு இருக்கும் ஹார்டு டிஸ்க்தான்!

அது இசைத்தட்டு போன்றது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். ஒரு "முள்" அங்கும் இங்கும் ஓடி, பதிந்து இருப்பதை படிக்கும். (ஆனால் இந்த முள் தட்டை தொடாது.) ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் முதல் ஹார்டு டிஸ்க்கை கொண்டு வந்தது. அதில் 2 அடி அகலத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துக்களே! இன்றைய செல்போன் படம் ஒன்றிரண்டை வைத்தால் நிறைந்துவிடும்.

முள் ஓர் இடத்தை தேடிப்பிடிக்க, வினாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். கொஞ்ச நேரம்தான். ஆனால் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்ன பைல்களை திறக்கவேண்டும். அங்கேதான் தாமதம்!

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் சிப்புகள். தேடும் நேரம் ஏறத்தாழ நூறு மடங்கு குறைகிறது.

எதை வாங்குவது?

எஸ்.எஸ்.டி.யில் இரண்டு ரகம் உண்டு. "சாட்டா" ரகம் வினாடிக்கு சுமார் 550 மெகாபைட் படிக்கும். "என்.வி.எம்.இ." ரகம் 3,500-ம் படிக்கும், அதற்கு மேலும் படிக்கும்.

"அப்படியானால் இரண்டாவதுதானே மேல்?"

அங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரில் அதை மாட்ட இடமே இருக்காது!

உதாரணமாக, 2012-ல் வந்த லெனோவா திங்க்பேடு டி430 லேப்டாப். ஒரே ஒரு திருகை கழற்றினால் ஹார்டு டிஸ்க் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் பொருந்துவது இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான். அதுவே போதும். தேடும் நேரம் குறைந்ததுதான் பெரிய லாபம்.

கொஞ்சம் பிந்தி வந்த லேப்டாப்களில் இன்னொரு வம்பு. "எம்.2" என்ற மெல்லிய பட்டை வடிவில் இரண்டு ரகமும் வருகின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும். தவறான ரகத்தை மாட்டினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. ஆகவே லேப்டாப்பின் மாடல் எண்ணை குறித்துக்கொண்டு, அதன் கையேட்டை பார்த்த பிறகே கடைக்கு போகவேண்டும்.

தேய்ந்து போகுமா?

எழுத எழுத சிப்பு தேயும் என்பது உண்மை. ஆனால் பயம் வேண்டாம். சாம்சங் 870 ஈவோ 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு 300 டெராபைட் வரை எழுதலாம் என்று கம்பெனி உறுதி தருகிறது. தினம் 20 ஜி.பி. எழுதினாலும் அந்தக் கணக்கு தீர 41 ஆண்டுகள் ஆகும்! உத்தரவாத காலம் 5 ஆண்டு என்பது வேறு விஷயம்.

எஸ்.எஸ்.டி. தீர்க்காத குறையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் 14-10-2025 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டரில், இலவசமாக கிடைக்கும் லினக்சை போட்டுக்கொள்ளலாம்.

குடும்ப படங்களையும், பிள்ளைகளின் சான்றிதழ்களையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கவேண்டும். அப்புறம்தான் திருகில் கை வைக்கவேண்டும். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உடனே அழித்துவிடாமல், புதியது சில வாரம் ஒழுங்காக ஓடும் வரை பீரோவில் வைத்திருப்பது நல்லது. பிறகு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டால், படங்களை சேர்த்து வைக்க உதவும்.