கேள்வி கேட்கும் கணினிக்கு யார் பதில் சொல்வது?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். 1961ஆம் ஆண்டு சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கிய இடம் அது. அங்கே ஆலைகள் மட்டுமல்ல, வரிசை வரிசையாகக் கணினிகளை அடுக்கிய பெருங்கட்டடங்களும் உண்டு. கூகுள் நிறுவனம் 2013இல் அப்படி ஒன்றைத் திறந்தது. இந்தக் கணினிகளைச் சர்வர் என்பார்கள்.

சர்வருக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. எங்கோ இருக்கும் ஊழியர் கட்டளையைத் தட்டி அனுப்புகிறார். அதுவோ வேலைக்கு நடுவே நின்று கேள்வி கேட்கிறது. "கடவுச்சொல் என்ன?" "பழைய கோப்பை அழிக்கலாமா?" பதில் வரும்வரை நகராது. ஒரு சர்வர் என்றால் சொல்லிவிடலாம். இருநூறு சர்வர் என்றால் விடிய விடியத் தட்ட வேண்டியதுதான்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'யெஸ்' என்றொரு கட்டளை இருந்தது. 'ஆம்' என்பதற்கான எழுத்தை அது ஓயாமல் கொட்டும். கேள்வி என்னவென்று பாராது. நம் வகுப்பில் ஒரு பையன், வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொல்ல ஒப்புக்கொண்டிருந்தான். அன்று பெயரைக் கூப்பிட்டு, "காய்ச்சல் விட்டதா?" என்று கேட்டோம். அதற்கும் "உள்ளேன் ஐயா" என்றான்!

1990இல் அமெரிக்கத் தர அளவீட்டுக் கழகத்தில் பணியாற்றிய டான் லைப்ஸ் என்பவர் 'எக்ஸ்பெக்ட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். எதிர்பார் என்று பொருள். இன்ன கேள்வி வந்தால் இன்ன பதில் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், அது திரையைக் கவனித்து, கேள்வி வந்த பிறகே பதில் அனுப்பும். விசைப்பலகையில் ஆள் தட்டுவது போலவே சர்வருக்குத் தோன்றும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நாம் வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், பத்து விநாடி காத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நம்மிடம் படித்த ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது சொன்னார்: அவர் இரவு முறை பார்த்த ஓரிடத்தில், புதிதாக வந்த கேள்வி ஒன்றுக்குப் பழைய 'ஆம்' போய் விழுந்து, ஒரு வாரத்துக் கோப்புகள் அழிந்தனவாம். கேள்வி வராவிட்டால் நின்றுவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்று. முதன்முறை தொடர்பு கொள்ளும்போது சர்வர் தன் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் காட்டும். தொடரலாமா என்று ஊழியர் பக்கத்து மென்பொருள் கேட்கும். வேறு எவனோ சர்வராக நடிக்கிறானா என்று பார்க்கத்தான் அது. பலர் இதற்கும் 'ஆம்' என்று எழுதி வைத்து விடுகிறார்கள். பிறகு போகும் கடவுச்சொல் யார் கையில் சேருமோ!

கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைப்பதும் வீட்டுச் சாவியை வாசற்படியில் வைப்பது போலத்தான். அதற்குப் பதில் இரட்டைச் சாவி முறை இருக்கிறது. பொதுச் சாவி சர்வரில் இருக்கும். இரகசியச் சாவி ஊழியரின் கணினியை விட்டு வெளியே போகாது. இரண்டும் பொருந்தினால் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்பதேயில்லை.