சன்மானம் கேட்டால் தப்பா, சார்?

என் எழுத்துக்கு முதன்முதலில் வந்த பணம் 50 ரூபாய். ஒரு வாரப் பத்திரிகையில் வந்த பஸ் கண்டக்டர் ஜோக்குக்காக. அது மணியார்டர் காலம். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "தம்பி கதையெல்லாம் எழுதுவீங்களோ?" என்று தலையைச் சொறிந்தார். 5 ரூபாய் கொடுத்தேன். மிச்சத்துக்கு அல்வா வாங்கி வந்தேன். அப்பா அல்வாவை முழுசாகத் தின்று முடித்துவிட்டுக் கேட்டார்: "இது மாசாமாசம் வருமாடா?"

வரவில்லை. ஆனாலும் விடவில்லை. பகலில் ஆபீஸ் ஃபைல், ராத்திரியில் எழுத்து. சினிமா, சாப்பாடு, ஊர் சுற்றல், உடம்பு இளைப்பது எப்படி (என் உடம்பு விதிவிலக்கு) என்று எல்லாப் பக்கங்களிலும் தலைகாட்டியிருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து சீட் பையன் மெதுவாக நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான்.

"சார், நானும் எழுதலாம்னு இருக்கேன். காசு தருவாங்களா?"

"தருவாங்க. ஆனா கேட்டாத்தான் தருவாங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாத இதழுக்குத் தொடர்ந்து 11 கட்டுரைகள் எழுதினேன். ஒவ்வொன்றும் நல்ல படத்தோடு, என் பெயரோடு அழகாக வந்தது. பணம்தான் வரவில்லை. கேட்கவும் கூச்சம். 'சன்மானம்' என்கிற வார்த்தையைப் பாருங்கள். ஏதோ ராஜா மனமுவந்து பொற்கிழி கொடுப்பது போல இல்லை? புலவர் போய் 'எப்போ சார் கிழி?' என்று கேட்பாரா? அந்த வருஷம் பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட மச்சானிடம் கைநீட்டினேன். மச்சானிடம் கேட்கக் கூச்சப்படாதவன், உழைத்த காசைக் கேட்கக் கூச்சப்பட்டேன்!

மனைவிதான் உடைத்தாள். "பால்காரருக்குப் பதினோரு மாசம் பாக்கி வச்சா பால் ஊத்துவாரா? நீங்க மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கீங்க."

போன் பண்ணினேன். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் எடுத்தார். "நீங்க பில்லே அனுப்பலையே சார்! பில் இல்லாம ஆடிட்டர் விடமாட்டார்." அனுப்பினேன். 4 கட்டுரைகளுக்குப் பணம் வந்தது. மீதி 7 'போன வருஷக் கணக்கு, முடிஞ்சுபோச்சு.' அந்த ஏழும் கர்ணன் கணக்கில் சேர்ந்தன.

இந்தச் சோகத்தைச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேப்பர், பேனா எடுக்கச் சொன்னேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில், எழுதுவதற்கு முன் படி. எந்தப் பத்திரிகைக்கு எழுதப்போகிறாயோ அதன் கடைசி எட்டு இதழ்களை எடுத்து வைத்துக்கொள். எந்தப் பக்கத்தை நிருபர்கள் எழுதுகிறார்கள், எதில் புதுப்புதுப் பெயர்கள் வருகின்றன என்று பார். புதுப்பெயர் வரும் பக்கம்தான் உனக்குத் திறந்திருக்கும் கதவு. பெரிய நடிகர் பேட்டிக்கு உன்னைத் தேடமாட்டார்கள். அதற்கு அங்கேயே ஆள் உண்டு. ஆனால் உன் தெருமுனையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இடியாப்பம் விற்கிறவரைப் பற்றி உனக்குத்தான் தெரியும்.

கட்டுரையை முழுதாக எழுதி அனுப்பாதே. என்ன விஷயம், யாரைப் பார்ப்பாய், ஏன் இப்போது, படம் உண்டா என்று ஐந்து வரி போதும். 'சுற்றுலா பற்றி எழுதலாமா?' என்றால் பதில் வராது. 'ரயிலில் ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய மூன்று அருவிகள்' என்றால் போன் வரும். ஒரே யோசனையை ஒரே நேரத்தில் நாலு பேருக்கு அனுப்பாதே. நாலு பேரும் சரி என்றால் கெட்டது குடி.

பண்டிகை விஷயமா? பல மாதம் முன்னதாக அனுப்பு. தீபாவளி மலர் வேலைகள் ஆடியிலேயே சூடுபிடிக்கும். கங்கா ஸ்நானம் பற்றி நான் எழுதும்போது தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

"ஆபீஸ்ல பிரச்னை வராதா சார்?" என்றான்.

நியாயமான பயம். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டேதான் எழுதிக் குவித்தார். பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் வருஷ நடத்தை விதிகள்கூட, வேலை கெடாமல் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு முன் அனுமதி வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. தனியார் கம்பெனி என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படி. வேறு வருமானம் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். புனைபெயர் வைத்தால் மேனேஜர் கண்ணுக்குத் தப்பலாம். பணம் வங்கிக் கணக்குக்கு வரும்போது சொந்தப் பெயரில்தான் வரும்!

இனி முக்கியமானது. 'சரி, எழுதுங்க' என்று சொன்னதும் மூன்று கேள்விகள். எவ்வளவு? எப்போது? உரிமை யாருக்கு?

முதல் இரண்டுக்கும் பதிலை மெயிலில் வாங்கிக்கொள். பல இடங்களில் கட்டுரை அச்சானபிறகுதான் பணம். அச்சாவதற்கே சில மாதம் ஆகலாம். அதை நம்பி மாதத் தவணையில் பைக் எடுக்காதே.

மூன்றாவது, உரிமை. நீ அவர்களிடம் சம்பளத்துக்கு இல்லாதவரை, எழுதியது உன்னுடையது. 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். இன்றைக்கு நீ எழுதும் ஒரு பக்கம் நாளைக்கு ஆடியோவாகலாம், வெப் சீரிஸாகலாம். 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும்' என்ற வரி கண்ணில் பட்டால் கையெழுத்துப் போடுமுன் ஒரு காபி குடித்துவிட்டு யோசி.

கட்டுரை வெளிவந்த அன்றே பில் அனுப்பு. பெயர், தலைப்பு, இதழ் தேதி, தொகை, பான் நம்பர், வங்கிக் கணக்கு. ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 சதவிகிதம் வரி பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. பான் கொடுக்காவிட்டால் பிடித்தம் இரட்டிப்பு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சம்பளத்தோடு இதையும் வருமானக் கணக்கில் காட்ட வேண்டும்.

கடைசியாக, 'உங்கள் படைப்பு தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் அனுப்பவும்' என்று எவராவது எழுதினால் ஓடிவிடு. எழுதுகிறவன் காசு வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது. ஓசியில் பிரியாணி போட்டு நாலு வரி பாராட்டு கேட்கும் ஓட்டல்காரரிடமும் ஜாக்கிரதை. பிரியாணி ஜீரணமாகிவிடும், பொய் ஜீரணமாகாது.

பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். நேற்று ஓடி வந்து போனைக் காட்டினான். இடியாப்பக்காரர் கட்டுரைக்குப் பணம் வந்துவிட்டது. டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தலையைச் சொறியத் தபால்காரர் இல்லை.

"கேட்டியா?"

"கேட்டேன் சார். கை நடுங்குச்சு. ஆனா அவங்க சாதாரணமா பதில் சொல்லிட்டாங்க!"

அதுதான் விஷயம். கேட்கிறவனுக்குத்தான் அது பெரிய விஷயம். கொடுக்கிறவருக்கு அது தினப்படி வேலை.

இந்தக் கட்டுரையைக் கேட்டு இதே பத்திரிகையிலிருந்து போன் வந்தபோது, "எண்ணூறு வார்த்தை போதும் சார்" என்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எவ்வளவு தருவீங்க?" என்றேன். மறுமுனையில் இரண்டு விநாடி மௌனம். பிறகு ஒரு தொகை சொன்னார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு... பில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது!