திமிங்கிலம் காணப் போகும் சிறுபடகு

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையோரமாக, டிசம்பர் மாதம் தொடங்கிச் சாம்பல் திமிங்கிலங்கள் தெற்கே செல்கின்றன. வடதுருவக் கடலில் இரை தேடிய அவை, மெக்சிகோவின் உப்பங்கழிகளில் குட்டி ஈனப் போகின்றன. சுமார் 40 அடி நீளமுள்ள இவற்றைக் காண மக்கள் சிறுபடகிலும் போகிறார்கள்.

அங்கே அஞ்ச வேண்டியது திமிங்கிலத்தைவிடக் குளிர்ந்த நீருக்குத்தான். நம் மலேசியக் கடல்நீர் 29 டிகிரி அளவு வெதுவெதுப்பானது. அங்கே குளிர்காலத்தில் 12 டிகிரி அளவுக்கும் இறங்கிவிடும். அதில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சு இரைக்கும். பத்து நிமிடத்திற்குள் விரல்கள் மரத்துவிடும். பிறகு லைப் ஜாக்கெட் எனும் மிதவைச் சட்டையின் வாரை எப்படி மாட்டுவது? ஆகவே படகேறும் முன்பே அதை அணிந்துகொள்ள வேண்டும்.

வானிலை அறிக்கையைக் கேட்க வேண்டும். எரிபொருளில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. ஆபத்தில் 16ஆம் அலைவரிசையில் அழைக்க உதவும் கடல் வானொலி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரம் தவறினால் அவர் கடலோரக் காவல் படைக்குச் சொல்வார்.

திமிங்கிலத்திற்கு 100 கஜம் விலகியே நிற்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் இடையே படகை விடக்கூடாது.

நாம் ஆற்றில் மீன் பிடிக்கப் படகேறும்போதும் இது பொருந்தும். தத்தளிக்கும்போது சட்டையைத் தேட முடியாது. படகின் மூலையில் கிடக்கும் சட்டை உயிரைக் காக்காது. உடம்பில் இருக்கும் சட்டையே காக்கும்.