டிராகுலாவை மடக்கிய டைப்ரைட்டர்! தெரியுமா?

டிராகுலா என்றதும் கோரைப்பல்லும் வௌவாலும்தானே நினைவுக்கு வரும்? 1897இல் பிராம் ஸ்டோக்கர் வெளியிட்ட 'டிராகுலா' என்ற கோதிக் நாவலில், அவன் கதையை முடித்ததில் பெரும்பங்கு ஒரு பெண்ணின் டைப்ரைட்டருக்கு உண்டு, தெரியுமா?

அவள் பெயர் மினா. பள்ளி ஆசிரியை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கைவந்தவள். ரயில் நேரங்கள்கூட அவளுக்கு மனப்பாடம்!

அவளை மணக்கவிருக்கும் ஜொனாதன், டிராகுலாவின் கோட்டையில் சிக்கிக்கொள்கிறான். ஜூன் 12, 19, 29 என்று தேதி போட்டு மூன்று கடிதங்களை அவனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறான் டிராகுலா. ஊரில் இருப்பவர்கள் ஜொனாதன் கிளம்பிவிட்டதாக நம்பவேண்டுமே! மினாவுக்கு ஜொனாதன் ரகசியமாக எழுதிய கடிதமும் டிராகுலா கையில் சிக்குகிறது. அதைப் பிரித்தால், எல்லாம் சுருக்கெழுத்து! புரியாத அந்தக் கடிதத்தை நிதானமாக விளக்குச் சுடரில் பிடித்து எரித்துவிடுகிறான். ஆனால் அதே சுருக்கெழுத்தில் ஜொனாதன் எழுதியிருந்த நாட்குறிப்பு தப்பி, மினாவின் கைக்கு வந்து சேர்கிறது. அதைத் தட்டச்சு செய்கிறாள். டிராகுலாவை வேட்டையாடும் குழுவில் இருந்த டாக்டர் செவார்டு ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிவைத்த குறிப்புகளையும் கேட்டுக் கேட்டு, மூன்று பிரதிகள் அடிக்கிறாள்! பின்னால் டிராகுலா கையெழுத்துப் பிரதியையும் உருளைகளையும் நெருப்பில் போடுகிறான். ஆனால் பெட்டகத்தில் இன்னொரு பிரதி பத்திரமாக இருக்கிறது!

இத்தனை செய்தவளுக்கு என்ன கிடைத்தது? ஆணின் மூளை இவளுக்கு என்று அந்தக் குழுவை வழிநடத்தும் வான் ஹெல்சிங் பாராட்டுகிறார். அடுத்து, பெண்ணுக்கு இந்த ஆபத்து எதற்கு என்று ஆண்கள் கூடிப்பேசி அவளிடம் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாத அந்த நாட்களில்தான் டிராகுலா அவளைக் கடிக்கிறான். காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஒரு பெண்ணிடம் செய்தியை மறைப்பதும் வன்முறைதான்.

மினாவைத் தன் ரத்தத்தைக் குடிக்கவைத்து, இனி நான் அழைத்தால் வருவாய் என்கிறான் டிராகுலா. மினாவோ அந்த இணைப்பையே திருப்பிப் போடுகிறாள்! விடியுமுன் என்னை ஹிப்னாடிசம் செய்யுங்கள் என்று அவளே வான் ஹெல்சிங்கிடம் கேட்கிறாள். அந்த மயக்கத்தில் அவன் கேட்பது அவளுக்கும் கேட்கிறது; அலையோசை கேட்கிறது என்கிறாள். ஆக, அவன் கப்பலில் இருக்கிறான்! பிறகு அவன் எந்த ஆற்று வழியாகத் தப்புவான் என்று கணித்துச் சொல்வதும் அவள்தான்.

இன்னொன்று தெரியுமா? டிராகுலா தன் வாயால் கதை சொல்லும் அத்தியாயம் ஒன்றுகூட நாவலில் கிடையாது. மூலப் பிரதிகள் அநேகமாக மிஞ்சவில்லை, இருப்பது பெரும்பாலும் தட்டச்சுக் குவியல்தான் என்று இறுதிக் குறிப்பில் ஜொனாதனே எழுதுகிறான். அடுத்த முறை அந்த நாவலை வாசிக்கும்போது, தலைப்பில் யார் பெயர் இருந்தாலும், அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தது யார் என்றும் கேட்டுப் பாருங்கள்!