நன்கொடை ரசீதும் வரித் திருப்பமும்

1995 முதல் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கப்படுகிறது. கூடுதலாகப் பிடித்ததே பின்னர் நமக்குத் திரும்பி வருகிறது, அது அன்பளிப்பன்று.

அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்திற்கு அளிக்கும் பண நன்கொடை, 44(6) பிரிவின்படி வருமானத்திலிருந்து கழிக்கப்படும். தனிநபருக்கான உச்சவரம்பு 2020 மதிப்பீட்டு ஆண்டில் 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்ந்தது. 2023இல் 50,000 முதல் 70,000 ரிங்கிட் வரையிலான வருமானப் படிக்கு வரி 13 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைந்தது. அப்படியிலுள்ளவர் 1,000 ரிங்கிட் வழங்கினால் முன்பு 130 ரிங்கிட் வரி குறைந்தது. இப்போது 110 குறையும்.

பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, எல்லா ஆலய ரசீதும் இதற்குச் செல்லாது. உண்டியல் காணிக்கைக்கும் கழிவில்லை. தவறாகக் கோரினால் வரியோடு அபராதமும் சேரும். ஆகவே அன்பர்களே, ரசீதில் அங்கீகார விவரம் உள்ளதா என்று பாருங்கள். படிவம் அனுப்பிய ஆண்டு முடிந்து 7 ஆண்டுகள் வரை அதைப் பத்திரப்படுத்துங்கள்.