விடுபட்ட இசைத்தட்டுகள்

சென்ற டிசம்பர் இதழில், அவ்வாண்டு முழுவதும் நான் மிகுதியாகக் கேட்டு மகிழ்ந்த இசைத்தட்டுகள் பத்தின் பட்டியலை நம் ஆசிரியர் அன்புடன் வெளியிட்டிருந்தார். நேயர்களில் பலர் அதனைப் படித்திருப்பீர்கள். படித்தவர்களுள் மூவர் எனக்குக் கடிதம் எழுதினர். ஒருவர் வழியிற் கண்டு கடிந்துகொண்டார். ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாராட்டியவர் ஒருவருமிலர். அனைவரும் கேட்டது ஒரே கேள்விதான்: ‘இன்னாருடைய தட்டு ஏன் இல்லை?’ பட்டியல் எழுதப் புகுந்தவனுக்கு இது நேரக்கூடியதே என்று முதலில் எண்ணி வாளா இருந்தேன். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பு என்னை வாளா இருக்க விடவில்லை. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தட்டு என்று பழக்கத்தால் எழுதுகிறேனேயன்றி, என் வீட்டில் தட்டுச் சுழன்று பல ஆண்டுகளாயின. இன்று எல்லாம் பேரனுடைய கைப்பேசியிலிருந்துதான் வருகிறது. ஆயினும் பெட்டி நிறையத் தட்டுகளையும் கேசட்டுகளையும் எறிய மனமின்றி வைத்திருக்கிறேன். பட்டியல் எழுதும்போது அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். எழுதியபின் மூடிவிட்டேன். மூடியபிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கின.

பத்து என்ற எண்ணுக்கு என்ன பெருமை என்று தெரியவில்லை. லண்டன் பி. பி. சி. வானொலியில் 1942-இல் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்றில், ஆளில்லாத் தீவில் தனியே விடப்பட்டால் எந்த எட்டுத் தட்டுகளை உடன் வைத்திருப்பீர் என்று விருந்தினரைக் கேட்கிறார்கள். எட்டோ பத்தோ, எண் ஒன்று விதித்துவிட்டால் விடுபடுவதும் விதியாகிவிடுகிறது. 1977-இல் அமெரிக்கர் விண்ணிற் செலுத்திய வாயேஜர் கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. உலக இசையிலிருந்து 27 உருப்படிகள், ஏறக்குறைய 90 நிமிடம். நம் நாட்டுக்காகக் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி இடம்பெற்றது. 55 மொழிகளில் வாழ்த்துரையும் பதித்தார்கள். கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. பாலக்காட்டிலும் தேவிகுளத்திலும் இரு மொழியும் பேசி வாழும் நம்மவர் ஒரே தட்டில் இருமுறை விடுபட்டோம்! இதில் வஞ்சம் ஒன்றுமில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சுற்றுவட்டத்தில் குறுகிய காலத்திற்குள் கிடைத்தவர்களைக் கொண்டே பெரும்பாலும் பதிந்தார்கள். கைக்கு எட்டியதைப் பொறுக்கினார்கள். நான் செய்ததும் அதுவே என்று சொல்லித் தப்பலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஆனால் என் பெட்டி கைக்கு எட்டாத இடத்தில் இல்லையே!

வழியிற் கண்டு கடிந்துகொண்டவர் கல்பாத்தியில் வசிக்கும் என் பழைய நண்பர். என்னைப்போலவே ஓய்வுபெற்ற ஆசிரியர். ‘‘செம்பையைப் போட்டீர், கே. வி. நாராயணசாமியைப் போட்டீர், சரி. எம். டி. ராமநாதன் எங்கே ஐயா? மஞ்சப்பிரா பாலக்காட்டில் இல்லையா?’’ என்றார். மஞ்சப்பிராவில் 1923-இல் பிறந்த ராமநாதன், சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர். குருவின் மீதிருந்த பக்தியால் ‘வரததாச’ என்ற முத்திரையோடு கீர்த்தனங்கள் இயற்றியவர். ஆழ்ந்த மந்தரக் குரல். மற்றவர் ஓடிக் கடக்கும் இடத்தில் அவர் நின்று, அமர்ந்து, மூச்சு வாங்கி, பிறகு ஓரடி எடுத்து வைப்பார். அவர் வாழ்ந்த காலத்திலேயே இந்த நிதானத்தைப் பொறுக்கமாட்டாமல் எழுந்து போனவர்கள் உண்டு. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது செம்பைக்கு 1951-இலும், மணி ஐயருக்கு 1966-இலும், நாராயணசாமிக்கு 1986-இலும் கிடைத்தது. ராமநாதனுக்குக் கிடைக்கவேயில்லை. 1984-இல் அவர் காலமானார்.

நான் ஏன் விட்டேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தட்டை அவ்வாண்டில் இருமுறைதான் முழுதாகக் கேட்டிருந்தேன். கேட்ட இருமுறையும் அன்றைய வேலை யாவும் கெட்டது. மிகுதியாகக் கேட்டது என்ற விதிக்குள் அது வராது என்று ஒதுக்கினேன். இருமுறை கேட்டு இன்னும் நெஞ்சைவிட்டு நீங்காததை எந்த விதியில் அடக்குவது? அந்த விதியை வகுத்தவனும் நானேயன்றோ!

கடிதம் எழுதிய அன்பர் ஒருவர் வேறொரு குற்றத்தைக் கண்டுபிடித்தார். என் பட்டியலிலிருந்த பல கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கம் வாசித்திருப்பவர் பாலக்காடு மணி ஐயர். நானோ பாடகர் பெயரை மட்டும் எழுதிவிட்டு மேலே போய்விட்டேன் என்கிறார். எடுத்துப் பார்த்தேன். குற்றம் மெய்தான். உறையின் மேல் பாடகர் பெயர் பெரிதாயும், பக்கவாத்தியக்காரர் பெயர் அடியிற் சிற்றெழுத்திலும் அச்சிடுவது வழக்கம். கண் பெரிய எழுத்திலேயே நின்றுவிடுகிறது. மிருதங்கக் கலைஞருள் முதன்முதல் சங்கீத கலாநிதியானவரை, 1965-இல் நாராயணசாமியோடு எடின்பரோ விழாவரை சென்று நம் மாவட்டத்தின் பெயரை ஒலிக்கச் செய்தவரை, சிற்றெழுத்தென்று கடந்துவிட்டேன். இதிலே விந்தை என்னவெனில், மணி ஐயர் ஒலிபெருக்கியையே வெறுத்தவர். மைக் வைத்தால் மிருதங்கத்தின் இயல்பான நாதம் கெடுகிறது என்று நெடுநாள் வாதாடியவர். 1981-இல் அவர் மறைந்தபின், மைக்கின் வழியாக வந்ததைத் தவிர நமக்கு அவரைக் கேட்க வேறு வழியில்லை.

எலப்புள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அங்கே 1928-இல் பிறந்தவர் எம். எஸ். விசுவநாதன். 1952-இல் ‘பணம்’ என்ற படத்திலிருந்து 1965 வரை டி. கே. ராமமூர்த்தியோடு இணைந்தும், பிறகு தனித்தும் அவர் அமைத்த இசையைக் கேளாத தமிழ் வீடு உண்டோ? கவிஞர் கண்ணதாசன் எழுத, அவர் இசையமைத்த ‘ஸ்ரீ கிருஷ்ண கானம்’ என்ற தொகுப்புத் திரைப்படத்திற்கு வெளியே பிறந்தது. கிருஷ்ண ஜயந்தியன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அது தொடங்கினால் மறுவீட்டில் முடியும். அதனையும் விட்டேன். ‘மிகுதியாகக் கேட்டது’ என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் முதலிடம் எதற்குப் போயிருக்கும் தெரியுமா? தமிழ்த்தாய் வாழ்த்துக்கு! நம் சங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று கேட்கிறோம். அதனை இயற்றிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையிற் பிறந்து திருவனந்தபுரத்திற் பேராசிரியராயிருந்தவர். அதற்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் இந்த எலப்புள்ளிக்காரர். 1970-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட வாழ்த்தின் சொல்லும் இசையும் மலையாள நாட்டில் பிறந்த இரு தமிழறிந்தோர் தந்தவை. எழுந்து நிற்கும்போது இது நமக்கு நினைவுக்கு வருவதில்லை. பத்ம விருது எதுவும் பெறாமலே விசுவநாதன் 2015-இல் மறைந்தார் என்பதும் வருவதில்லை.

இவையெல்லாம் மறதியும் சோம்பலும். ஒருவாறு பொறுக்கத்தக்கவை. இனித் தொலைபேசிக்கு வருகிறேன்.

அழைத்தவள் என் அக்காள். மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள். இப்போதும் தன் மகனோடு தோட்டத்து லயத்திலேயே இருக்கிறாள். அவளுக்கு எழுத்து வாசனை இல்லை. பேத்தி பத்திரிகையைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

‘‘தம்பி, பத்துப் பாட்டுத்தட்டு எழுதியிருக்கியாமே. அதுல நம்ம அப்பா பாட்டு இருக்கா?’’

இல்லை என்றேன்.

‘‘அப்பவும் விட்டே. அப்பவாவது கடைக்காரர் மேல பழியப் போட்டே. இப்ப யாரு மேல போடுவே?’’

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கோ கையிலிருந்த கருவி நடுங்கிற்று.

எங்கள் தந்தையார் தேவிகுளம் வட்டத்தில் தோட்டத் தொழிலாளியாய் இருந்தவர். 1957-இல் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதென்று தள்ளப்பட்டு, 1958-இல் இடைத்தேர்தல் நடந்தது. அவருக்காகத் தோட்டந்தோறும் பாட வந்தவர், மலைக்குக் கீழே பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன். நாட்டார் மெட்டில் நம்மவர் பேச்சில் அவர் பாடிய பாட்டுகளே அந்தத் தேர்தலில் நம்மவர் வாக்கைத் திரட்டின என்று மலையில் இன்றும் சொல்வர். அவருடைய இளைய தம்பி ராசையா. அண்ணனோடு மேடை மேடையாகத் திரிந்து வளர்ந்த அச்சிறுவனே 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியாக இளையராஜா என்று அறியப்பட்டார். லயத்து வானொலியில் அந்தப் படத்துப் பாட்டு வந்த நாட்களில் என் தந்தையார், ‘‘அந்தப் பொடியன நான் பாத்திருக்கேன், நம்ம மேடையில நின்னவன்’’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். உண்மையாகவே பார்த்தாரோ, பார்த்ததாக நம்பினாரோ, அறியேன். 1981-இல் அவர் காலமானார்.

1984-இல் அக்காள் போனஸ் பணத்தில் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கினாள். நான் அப்போது பாலக்காட்டில் கல்லூரி மாணவன். அவள் கிள்ளிய கொழுந்தில் படித்தவன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அந்நாளில் பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் இருந்ததை மூத்த நேயர்கள் அறிவார்கள். விடுமுறைக்குப் போயிருந்தபோது, அறுபது நிமிடக் கேசட்டுக்கு அவள் பன்னிரண்டு பாட்டுச் சொன்னாள்; நான் எழுதிக்கொண்டேன். முதற்பாட்டு, அன்னக்கிளிப் படத்திலிருந்து அப்பாவின் பாட்டு.

பாலக்காட்டுக் கடைவாசலில் நின்றபோது எனக்கு வேறு புத்தி வந்தது. சங்கீதம் கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. கோட்டைத் திடலருகே நண்பர்களோடு இராக ஆராய்ச்சி செய்து திரிந்த காலம். பன்னிரண்டும் சினிமாப் பாட்டு என்ற தாளை அந்தக் கடைக்காரரிடம் நீட்ட வெட்கினேன். முதல் வரியை அடித்துவிட்டு நாராயணசாமியின் கீர்த்தனை ஒன்றை எழுதினேன். அதை மட்டும் ஏன் அடித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அதுவே எல்லாவற்றிலும் அதிகமாக லயத்து வாசனை வீசியது. வேறு காரணம் இல்லை. கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ‘‘இடம் போதவில்லை, ஒரு பாட்டு விட்டுப்போயிற்று என்று கடைக்காரர் சொன்னார்’’ என்று பொய் சொன்னேன். அக்காள் ஒன்றும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒன்றும் பேசவில்லை.

‘‘கடைக்காரர் சொல்லலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?’’ என்று தொலைபேசியில் கேட்டேன்.

‘‘ரெண்டாம் பக்கம் கடைசியில ஒரு பாட்டு அளவுக்கு நாடா சும்மாதானே ஓடுது? இடம் இல்லாமலா அப்படி ஓடும்? அன்னிக்கு ராத்திரியே கேட்டுட்டேன்.’’

சென்ற டிசம்பரில் நான் பெட்டியைத் திறந்து பட்டியல் எழுதியபோது, இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ என் கையிற் பட்டது. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக் என்ற மேதைக்கும் காணிக்கையாக 1986-இல் வெளிவந்த வயலின் தொகுப்பு, சினிமா சாராதது. அதைக்கூடச் சேர்க்கலாமா என்று எண்ணி, மேலே போனேன். அன்னக்கிளியைத் தேடவேயில்லை. கடைவாசலில் நின்ற அந்த மாணவன்தான் அறுபது வயதுக்குப் பின்னும் என் கையைப் பிடித்து எழுதியிருக்கிறான்.

திருத்திய பட்டியலை வெளியிட இயலுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். ‘‘வெளியிடலாம், பத்தில் எதை நீக்குகிறீர்?’’ என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என்னால் ஆகவில்லை. அதனால்தான் பட்டியலுக்குப் பதிலாக இந்தக் கட்டுரை.

அக்காளிடம் அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. டேப் ரிக்கார்டரும் இருக்கிறது. உள்ளே பெல்ட் இற்றுப்போனதால் ஓடுவதில்லையாம். சென்ற வாரம் கோயமுத்தூர் சென்று, பழைய வானொலிச் சாமான் விற்கும் கடையொன்றில் மூன்று அளவில் பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் மூணாற்றுக்குப் போகிறேன். பெல்ட் பொருந்தி, நாடாவும் ஒட்டாமலிருந்தால், கைப்பேசியை அதன் மைக்கின் அருகே வைத்து இரண்டாம் பக்கத்துக் கடைசியில் அந்தப் பாட்டைப் பதிந்துவிடலாம் என்று பேரன் சொல்கிறான். சும்மா ஓடும் அந்த இடம் எத்தனை நிமிடம் என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.