ஸ்பானருக்கு முன் புத்தகம்

மோட்டார் சைக்கிள் வாங்கும்போது சாவியோடு தரப்படும் சிறு புத்தகம் ஓட்டுபவருக்கானது. எந்த ஆயில், டயருக்கு எவ்வளவு காற்று, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எதைப் பார்ப்பது என்பதோடு அது நின்றுவிடும். சர்வீஸ் மேனுவல் வேறு. எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது, எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது, ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு விசையில் முறுக்குவது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல் ஒன்றும் உண்டு. கார்புரேட்டரையோ கிளட்சையோ துண்டு துண்டாகப் பிரித்து, கோர்க்கும் வரிசையிலேயே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். சர்வீஸ் மேனுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், வாசர் எந்தப் பக்கம் போகும், ஸ்பிரிங் எதன் மேல் உட்காரும் என்று சந்தேகம் வரும்போது இந்தப் படங்களே பெரிய துணை.

வண்டி செய்யும் கம்பெனி அல்லாதவர்களும் மேனுவல் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் 1960-ல் தொடங்கிய நிறுவனம், 1966-ல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காருக்குத் தன் முதல் மேனுவலை வெளியிட்டது. ஒரு வண்டியை வாங்கி, முழுக்கப் பிரித்து, திரும்பக் கோர்த்து, படிப்படியாகப் படம் எடுத்து எழுதுவது அவர்கள் வழக்கம். கை நுழையாத இடம் எது, எந்த ஸ்க்ரூ அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அப்படி வேலை செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். பின்னர் மோட்டார் சைக்கிள்களுக்கும் இதே வகை நூல்கள் வந்தன.

வீட்டில் வேலையைத் தொடங்க ஏற்ற பாகம் ஸ்பார்க் பிளக். அதன் வெள்ளைப் பகுதி பீங்கான் என்பதால் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது அந்நியமான பொருளும் அல்ல. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்லூரியும் உள்ள ஊர் அது. அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண், பீங்கான் செய்ய ஏற்றது. வீட்டு மீட்டர் பலகையில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியரும் பிளக்கின் வெள்ளைப் பகுதியும் செய்வது ஒரே வேலை: மின்சாரம் வழி மாறிப் போகாமல் தடுப்பது. பிளக்குக்குக் களிமண் போதாது. பல்லாயிரம் வோல்ட்டையும், எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் வெப்பத்தையும், அடுத்த நொடியே உள்ளே வரும் குளிர்ந்த கலவையையும் அது தாங்க வேண்டும். அதனால் அலுமினாத் தூளை அச்சில் அழுத்தி, ஏறக்குறைய 1600 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கிறார்கள். உலகெங்கும் விற்கும் என்ஜிகே பிளக்கின் பூர்விகமும் பீங்கான்தான். ஜப்பானில் 1904-ல் தட்டும் கோப்பையும் செய்யத் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1919-ல் மின்கம்பப் பீங்கான் செய்யும் நிறுவனம் பிரிந்தது. அதிலிருந்து 1936-ல் பிளக் கம்பெனி பிறந்தது.

பிளக்கைக் கழற்ற மேனுவல் சொல்லும் முதல் விதி, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது. சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரலாம். அடுத்து, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். வெளியே வந்த பிளக்கின் நுனிப் பீங்கான், எஞ்சினின் நிலையைச் சொல்லிவிடும். இளம் பழுப்பு நிறம் என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் மேலேறுகிறது. வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கை வெளியே பழுது தெரியாவிட்டாலும் திரும்பப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளின் செம்மண் தடத்தில் ஓடும் வண்டியின் பிளக் கறுத்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டரை. பராமரிப்பு அட்டவணையில் ஃபில்டருக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் கணக்கு இருக்கும். புழுதியான இடத்தில் அதற்கு முன்பே சுத்தம் செய்க என்று அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும். நல்ல தார்ச்சாலையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அந்தச் சிறிய எழுத்தைத்தான் நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பிளக்கை மாட்டும்போது முதல் சில சுற்று கையால்தான் போக வேண்டும். கடைசி முறுக்கு எவ்வளவு என்பது மரையின் விட்டத்தைப் பொறுத்தது. 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 என்பது பொதுவான அளவு. சில புத்தகங்கள் கிலோகிராம் மீட்டரில் சொல்லும். அதில் ஒன்று ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டருக்குச் சமம். அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் போல்ட் தளர்ந்தே இருக்கும், அல்லது உடைந்துவிடும். வீட்டு வேலையில் நேரும் சேதங்களில் பல அளவுக்கு மீறி முறுக்குவதால் வருபவை. ஆயில் டிரைன் போல்ட்டின் மரை போனால், நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை லேத் பட்டறையில் போய் முடியும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொஞ்சம் விலை அதிகம்தான். ஆனால் மேனுவலில் உள்ள எண்களுக்கு அது இருந்தால்தான் பயன்.

ஆயில் மாற்றுவதிலும் புத்தகம் இரண்டு அளவு சொல்லும்: ஆயிலை மட்டும் மாற்றும்போது ஒன்று, எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தபின் அதைவிடக் கூடுதலாக ஒன்று. உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஆயில்தான் இந்த வித்தியாசம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். அதனால் ஜாஸோ எம்ஏ முத்திரை உள்ள ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வண்டி இரையும், வேகம் எடுக்காது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுப்பதே முறை.

அந்தந்த வண்டிக்கு அந்தந்தப் புத்தகம் என்பதற்கு, வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் டாப்பெட் வேலை நல்ல உதாரணம். 100 சிசி வண்டிகளில் மேக்னெட்டில் உள்ள டி குறியைச் சரியான இடத்தில் நிறுத்தி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். திருவொற்றியூரில் 1956 முதல் புல்லட் செய்துவந்த என்ஃபீல்டு இந்தியாவின் பழைய இரும்பு எஞ்சினுக்கு ஃபீலர் கேஜே வேண்டாம். எஞ்சின் ஆறிய நிலையில் புஷ் ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான். பின்னால் வந்த புல்லட்டின் யுசிஇ எஞ்சினிலோ ஹைட்ராலிக் டாப்பெட்; அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை. மூன்றிலும் பாகத்தின் பெயர் டாப்பெட் என்றே இருந்தாலும், ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றில் காட்டினால் வால்வு எரிந்துபோகலாம். எனவே மாடல், ஆண்டு, எஞ்சின் எண் மூன்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே போக வேண்டும்.

2020 ஏப்ரலில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பழுது என்றால் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். அது எத்தனை முறை கண்சிமிட்டினால் எந்த சென்சார் என்று சில மேனுவல்கள் அட்டவணை தருகின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவும், ஆனால் பம்ப் அழுத்தத்தை அளக்கத் தனிக்கருவி வேண்டும். ஏபிஎஸ் பிரேக்கில் காற்று எடுப்பது, கிராங்கைப் பிரிப்பது, வாரண்டியில் உள்ள எஞ்சினைத் திறப்பது ஆகியவை சர்வீஸ் சென்டருக்கு உரியவை. பிளக், ஏர் ஃபில்டர், ஆயில், செயின் தொய்வு, கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, பேட்டரி முனை ஆகிய வேலைகளைப் புதிய வண்டியிலும் வீட்டு வாசலில் வைத்தே செய்யலாம். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.